பொறுப்பு அலுவலரும் பால்பல்லும்

பிள்ளைகளின் பல் சொத்தையை ஒழித்தே தீருவதென்று மேலிடத்தில் தீர்மானமாகி, உத்தமபாளையத்தில் பால்பல் பாதுகாப்புச் சிறப்பு அலுவலகம் திறக்கப்பட்டது. வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பல். தலையை நீட்டி செல்ஃபி எடுத்துக்கொள்ள அதன் நடுவே பெரிய ஓட்டை. சொத்தை என்றால் என்னவென்று மக்களுக்கு விளக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

உள்ளே பல் டாக்டர் ஜெபஷீலா இருந்தார். மருந்தும் பல்லுக்கு மாட்டும் கேப்பும் பீரோவில் இருந்தன. பீரோ சாவி, பொறுப்பு அலுவலர் பொன்னுராஜின் இடுப்பில் இருந்தது.

ஹேமாவதி அன்றைய திராட்சைத் தோட்ட வேலையை விட்டுவிட்டு, ஏழு வயது மகள் மாரீஸ்வரியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குக் கன்னம் வீங்கியிருந்தது. கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. வலி வரும்போதெல்லாம் அம்மாவின் முந்தானையைக் கடித்துக்கொண்டு அழுதது. பார்க்கவே பாவமாக இருந்தது.

"கடைவாய்ப் பல்லும்மா. இப்பவே மருந்து வச்சு கேப் போட்டா காப்பாத்திரலாம். விட்டா சீழ் வச்சு, அடியில வர்ற பல்லையும் கெடுத்துரும்" என்ற டாக்டர், பொன்னுராஜிடம் போய்ச் சாவி கேட்டார். ஹேமாவதியும் பின்னாலேயே போனாள்.

"இது பால்பல்லா, நிரந்தரப் பல்லா?" என்றார் பொன்னுராஜ்.

"பால்பல்தான் சார்."

"அப்ப தற்காலிகம். தற்காலிகமா இருக்குற ஒண்ணுக்குப் பராமரிப்புச் செலவு பண்ணுனா ஆடிட்ல என்னையத்தான் கேப்பாக. விழட்டும்."

"சார், ஆபீஸ் பேரே பால்பல் பாதுகாப்புதான்."

"பேரு அப்படி. விதி அப்படி இல்லையே."

"அந்தப் பல்லு விழ இன்னும் மூணு நாலு வருசம் ஆகும் சார்."

"நல்லதாப் போச்சு. அப்ப அவசரம் இல்ல."

ஹேமாவதிக்குப் பொறுக்கவில்லை. "அதுவரைக்கும் எம்புள்ள எதை வச்சு மெல்லும்?"

பொன்னுராஜ் யோசித்தார். கடமை உணர்ச்சியோடுதான் யோசித்தார். "மறுபக்கம் மெல்லச் சொல்லும்மா. மாற்று ஏற்பாடுன்னு ஃபைல்ல போட்டுக்கிறேன்."

"மறுபக்கம் இருக்குறதும் பால்பல்லுதான்!"

"அடடா, அதுவும் தற்காலிகமா?" என்று மனப்பூர்வமாக வருத்தப்பட்டார்.

அந்த நேரம் பார்த்து ஏசி மெக்கானிக் ஒருவன் தோளில் பெட்டியோடு உள்ளே வந்தான். "சார், உங்க ரூம் ஏசி. எங்கன மாட்டுறது?"

ஹேமாவதி ஏசியைப் பார்த்தாள். பொன்னுராஜைப் பார்த்தாள்.

"சார், நீங்க இங்கன நிரந்தரமா?"

"இல்லம்மா, பொறுப்புதான். நிரந்தர ஆபீசர் அடுத்த மாசம் வந்துருவாக."

"அப்ப நீங்களும் விழப்போற பல்லுதான? உங்களுக்கு எதுக்கு ஏசி? மறுபக்கம் போயி காத்து வாங்குங்க!"

வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மெக்கானிக் பெட்டியோடு வாசல் பக்கம் திரும்பினான். அதைப் பார்த்ததும் பொன்னுராஜுக்கு விதியில் புதிய தெளிவு பிறந்தது. தற்காலிகமானவற்றையும், இருக்கும் காலம் வரை, உரிய முறையில் பராமரிக்க வேண்டும் என்று வாய்மொழியாகவே ஆணையிட்டார். சாவி இடுப்பிலிருந்து இறங்கியது. ஏசி சுவரில் ஏறியது.

டாக்டர் பல்லைச் சுத்தம் செய்து, மருந்து வைத்து, பளபளவென்று கேப் மாட்டினார். மாரீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆத்தா, நாளைக்குக் கறி திங்கலாமா?" என்று கேட்டது. ஹேமாவதிக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அலுவலகத்தின் முதல் வெற்றி அல்லவா? சும்மா விட முடியுமா? பிளாஸ்டிக் பல்லுக்கு முன்னால் எல்லோரும் கூடினார்கள். பொன்னுராஜ் பிள்ளைக்குச் சால்வை போர்த்தி, ஒரு பெரிய சாக்லேட் டப்பாவைப் பரிசளித்தார். தடுக்க வந்த டாக்டரையும் இழுத்து நிறுத்தி போட்டோ எடுத்தார்கள். டாக்டரும் பல்லைக் காட்டித்தான் நின்றார்.

போட்டோ முடிந்ததும் டாக்டர் ஹேமாவதியிடம் சொன்னார். "பக்கத்துப் பல்லுலயும் கறுப்பா ஒரு புள்ளி இருக்கும்மா. அடுத்த வாரம் கூட்டிட்டு வந்துருங்க."

ஹேமாவதி ஒரு சாக்லேட்டைப் பிரித்து மகள் வாயில் போட்டாள். "அது வலிக்கலையே டாக்டரம்மா. தோட்டத்துல வேலை கெடக்கு. எப்படியும் விழுற பல்லுதான?"

பொன்னுராஜ் முகம் மலர்ந்து போனது. "அதைத்தானம்மா நானும் காலையில இருந்து சொல்றேன்!"