குழாயில் கட்டியிருந்த பச்சை வயர்

அன்பு மகன் ஷிஜினுக்கு அப்பா ரசலையன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். அம்மாவும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் அவள் பக்கத்திலேயே படுத்திருக்கிறாள். ஆகவே எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். குவைத்தில் இருந்துகொண்டு பதறாமல் முழுசாகப் படி.

கிறிஸ்துமஸுக்கு நீயும் மருமகள் ஜெனிலாவும் வரும்போது வெந்நீர் வேண்டும் என்று குளியலறையை மாற்றச் சொன்னாய், மாற்றினேன், பிளம்பர் முருகதாஸ் வெளியே ஓடிய இரும்புக் குழாயைப் பிடுங்கி பிளாஸ்டிக் போட்டான், சுவருக்குள் இருப்பதை உடைத்தால் வேலை இழுக்கும் என்று இரும்பாகவே விட்டான், அப்புறம் எலக்ட்ரீஷியன் டெல்வின் வந்து ஹீட்டர் மாட்டினான், நம் சபைப் பையன்தானே என்று நான் பக்கத்தில்கூட நிற்கவில்லை. போன செவ்வாய் காலை அம்மா குளிக்கப் போய்க் குழாயைத் தொட்டாள். ஒரு அலறல்தான் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் கதவோரம் விழுந்து கிடக்கிறாள். மெயினை அணைக்கக்கூடத் தோன்றாமல் நான் சங்கீதம் சொல்லிக்கொண்டு நின்றேன். ‘மின்சாரம், எச்சரிக்கை’ என்று பள்ளிக்கூடத்தில் போர்டு எழுதி மாட்டிய தலைமையாசிரியர் நான்!

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் நாலு நாள். வலது கை விரல்கள் வெந்துவிட்டன, தோள்மூட்டு விலகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் கை குழாயில் ஒட்டியிருந்தால் ஆளே இல்லை என்றார் டாக்டர். கஞ்சியை நான்தான் ஊட்டுகிறேன். “பாத்தியளா, தண்ணியக்கூட நம்பி தொட முடியல்ல,” என்று சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மகனே.

டெல்வின் வந்து சோதித்தான். “சாரே, ஹீட்டர்ல கரண்டு லீக்கு. வெளிய பிளாஸ்டிக் ஆனதுல குழாய்க்கு எர்த்து போயாச்சு. லீக்கான கரண்டு மண்ணுக்கு எறங்கட்டும்னுதான் நான் பைப்புல இருந்து எர்த்துக்கு ஒரு பச்ச வயர் கெட்டியிருந்தேன். அது எங்க?”

“நீ கெட்டியிருந்தா இருக்குமேடே!” என்று கத்தினேன். சபைக் கமிட்டியில் சொல்லி, கோவில் சீரியல் விளக்கு வேலையிலிருந்தும் அவனை விலக்க வைத்தேன். அவன் மனைவி அபிதா நம் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் மனமிறங்கவில்லை. நீயும் போலீசுக்கு ஒரு புகார் எழுதி அனுப்பு. இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது.

உன்னையும் ஜெனிலாவையும் கர்த்தர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

அன்புள்ள அப்பா,
ரசலையன்

பின்குறிப்பு: புகார் எழுதாதே. டெல்வின் அந்த வயரைக் கட்டித்தான் இருந்தான். பல்பும் இல்லை, சுவிட்சும் இல்லை, வெறுமனே ஒரு வயர் குழாயில் எதற்கு என்று டிசம்பர் முதல் தேதி நான்தான் அதை வெட்டியெடுத்து, அதிலேயே முன்வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டாரைக் கட்டித் தொங்கவிட்டேன். சோதிக்க வந்த அன்றைக்கு டெல்வின் போகும்போது அண்ணாந்து அந்த வயரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைச் சாத்திவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நானே சொல்லிவிடுவேன். அம்மாவிடம் எப்படிச் சொல்ல? கட்டிலில் இருந்து பார்த்தால் அவளுக்கு அதுதான் தெரிகிறது. “இந்த வருசம் ஸ்டார நல்லா கெட்டியிருக்கிய,” என்கிறாள்.