பழக்கம் நானாவின் மோட்டார்

மனிதனுக்குக் கோபமூட்டுவதில் மூவார் பழக்கம் நானாவை மிஞ்ச மலாயாவின் ஜோகூர் சீமையில் ஆள் கிடையாது. பல்லைக் கடித்து மறந்துவிடுகிற கோபம் அல்ல. இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் பேனா முனை காகிதத்தைக் கிழிக்கிறது.

அப்போது நான் சிம்பாங் ரெங்கம் பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. கல்யாணமான பதினோராம் நாள் கப்பல் ஏறியவன். மனைவி மாயவரத்தில் இருந்தாள். சின்னக் கிராணிகள் நாலு பேருக்கு ஓர் அறை. அதில் அவளைக் கூட்டி வந்து எங்கே வைப்பது? அந்தச் சமயத்தில் பெரிய கிராணி வேலை காலியானது. அந்த வேலைக்குத் தனி வீடு உண்டு. துரை ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பெரிய கிராணி இரண்டு டிவிஷனுக்கும் அலைய வேண்டும், அதனால் சொந்த மோட்டார் வேண்டும். சனிக்கிழமை சாயந்தரம் ஐந்து மணிக்குள் ஆபீஸ் வாசலில் ஓட்டிக் காட்டினால் வேலை எனக்கு. இல்லாவிட்டால் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஓர் ஆள் வருவான்.

எனக்கு எஸ்டேட் லாரியில் இரண்டு வாரம் பழக்கம். நேராகப் போகத் தெரியும். நிறுத்தவும் பெரும்பாலும் தெரியும். லைசென்ஸ் வரவில்லை.

மூவாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த நானாவிடம் பழைய கார் ஒன்று விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுக் கடிதம் போட்டேன். நானா என்பது கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் மரியாதையாகக் கூப்பிடுகிற முறை. இரண்டு பக்கத்துக்குப் பதில் வந்தது. இஞ்சினைப் பற்றி ஒரு வரி இல்லை. வண்டி அமைதியான சுபாவம், குழந்தைகளிடம் பிரியம், யார் மனதையும் நோகடிக்காது என்று எழுதியிருந்தார். படித்தபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கையிலிருந்ததையெல்லாம் மணியார்டர் செய்துவிட்டு, வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை காலையில் வண்டியைப் பார்த்தேன். இடது கதவைப் பிடித்து இழுத்தேன். திறக்கவில்லை.

"என்ன நானா, கோளாறா?"

"வாயக் கழுவு தம்பி. அது அந்தப் பக்கமா ஆள ஏத்தாது. பழக்கம்."

அந்த ஊரே அவரை ஏன் அப்படி அழைத்தது என்பது எனக்குப் புரிந்துபோயிற்று. தள்ளினால்தான் கிளம்பும், பழக்கம். இடது பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அலறும்.

"வர்றோம்னு சொல்லுது தம்பி. மரியாதை தெரிஞ்ச வண்டி."

லைசென்ஸ் இல்லாதவன் பக்கத்தில் விஷயம் தெரிந்தவர் ஒருவர் உட்கார வேண்டும் என்பது சட்டம். நானா கடையை மச்சானிடம் விட்டுவிட்டு அடுக்குச் சட்டியோடு ஏறிக்கொண்டார். வழியில் தெரிந்த முகம் தென்பட்ட இடமெல்லாம் நிறுத்தச் சொன்னார். "கடைசியா ஒரு தடவ பாத்துக்கிடட்டும்" என்றார். அவர்கள் வந்து வண்டியைத் தடவிக்கொடுத்தார்கள். தள்ளிவிட்டது நான்.

பத்து பகாட் என்ற ஊரில் ஆற்றைக் கடக்க மிதவைப் படகு. துறைக்கு இறங்கும் வளைவில் இடது பக்கம் திருப்பினேன். ஹாரன் அலறியது, நான் பதறினேன், ஒரு சீனர் அடுக்கி வைத்திருந்த அன்னாசிக் கூடைகளுக்குள் வண்டி புகுந்தது. அவர் "அலமாக்" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானா இறங்கி ஓடினார். என்னிடம் இல்லை. வண்டியின் விளக்கைத் துடைத்து, "பயந்துருச்சு, பாவம்" என்றார்.

"பயந்தது நான், நானா!"

"நீ பெரியவன், தாங்கிக்கிடுவ."

சிதறிய பழங்களை நான் பொறுக்கி அடுக்குவதற்குள் இரண்டு படகு போய்விட்டது. கோபத்தில் எனக்கு அழுகையே வந்தது.

அக்கரையில் முதல் மேடு. பாதியில் வண்டி நின்றது. வண்டியின் மூக்கு உயர்ந்தால் டாங்கிலிருந்து பெட்ரோல் இஞ்சினுக்கு இறங்காதாம். நானா அசரவில்லை.

"திருப்பி வச்சு ரிவர்ஸ்ல ஏத்து. மேட்டுல அது வந்த வழியப் பாத்துக்கிட்டேதான் போகும்."

"இத ஏன் கடுதாசியில எழுதல?"

"பழகப் பழகத் தெரியவேண்டியத எல்லாம் கடுதாசியில எழுதுவாங்களா?"

அன்றைக்கு நான் ஏறிய மேடுகள் ஒன்பது. ஒன்பதிலும் பின்பக்கமாக ஏறினேன். கழுத்து அப்படியே திருகிக்கொண்டது. கொலை செய்தால் என்ன தண்டனை என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஆபீஸ் மேட்டின் உச்சியில். வாசலில் துரை, பக்கத்தில் வேலைக்காரக் கூட்டம். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி ஏறத் தொடங்கினேன். எல்லாரும் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை. எங்கள் துரைக்குத் தோட்டத் தமிழ் தெரியும்.

"கிராணி, உனக்கு முன்னாலே ஓட்டத் தெரியாது. போ."

 வீடும் போயிற்று, அவள் வருவதும் போயிற்று. அப்போது நானா இறங்கிப் போய்த் துரை முன்னால் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"தம்பி மேல தப்பு இல்ல தொர. வண்டி கோளாறு. கதவு கோளாறு, ஹாரன் கோளாறு, இஞ்சினே கோளாறு. சொல்லாம வித்தது நான். இந்தச் சனியன எழுபது மைலு ஓட்டிக் கொண்டாந்திருக்கான். நீங்க ஓட்டிப் பாருங்க."

துரை ஏறினார். மூன்று முறை முன்பக்கமாக முட்டிப் பார்த்தார். மூன்று முறையும் வண்டி உருண்டு கீழே வந்தது. இறங்கி வேர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை வீட்டுச் சாவி வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நானாவை ரோட்டு முனைக்குக் கொண்டுபோய் பஸ்ஸுக்கு விட்டேன். இறங்கியவர், வண்டியின் முன்பக்கத்தைத் தடவியபடி நின்றார்.

"எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காத" என்றார்.

வண்டியிடம். என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் என் மனைவி வந்து சேர்ந்து, நாங்கள் மூவாருக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் மறைந்த செய்தி வந்தது. அவர்மேல் எனக்கிருக்கிற கோபத்தில் பாதி, அன்றைக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளாமல் பஸ் ஏற்றிவிட்டேனே என்று என்மேல்தான்.