இரண்டரை மணி நேரக் கருணை

எங்கள் அயோவா மாநிலத்தில் சோளத்துக்கு அடுத்தபடியாக அமோகமாக விளைவது ப்ரீமெட் மாணவர்கள்தான். இவர்கள் டாக்டர்கள் அல்ல. டாக்டருக்குப் படிக்கிறவர்களும் அல்ல. டாக்டருக்குப் படிக்க இடம் கேட்பதற்காக நாலு வருஷம் வேறு எதையாவது படித்துக்கொண்டிருக்கும் இனம். இன்னும் பெண்ணே பார்க்கவில்லை, அதற்குள் மாப்பிள்ளை முறுக்கு மட்டும் வந்துவிட்ட ஆளை நீங்கள் பார்த்திருப்பீர்களே, அதே கதைதான். நான் பத்தொன்பது வருஷமாக இங்கே பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியல் லேபுக்குப் பொறுப்பாளர். பெயர் லொரெய்ன். குடுவை உடைந்தாலும் மனசு உடைந்தாலும் பிள்ளைகள் என்னிடம்தான் வருவார்கள்.

கூட்டத்தில் இவர்களை அடையாளம் காண்பது சுலபம். 'எப்படி இருக்கே?' என்று கேட்டுப் பாருங்கள். மற்ற பிள்ளைகள் 'நல்லா இருக்கேன்' என்பார்கள். ப்ரீமெட் 'மூணு புள்ளி எட்டு ஏழு' என்பான். பயப்படாதீர்கள், அது நாலுக்கு அவன் வாங்கியிருக்கும் சராசரி மதிப்பெண். பேராசிரியர் பூமியில் உயிர் தோன்றிய விதத்தைப் பற்றி உருகி உருகிப் பேசி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றால், பின்வரிசையில் ஒரு கை எழும். 'சார், இது பரீட்சைல வருமா?' வராது என்றால் இருநூறு பேனாக்கள் ஒரே நேரத்தில் மூடப்படும். அரை மதிப்பெண் குறைந்தால் மூன்று பக்கத்துக்கு மனு எழுதுவார்கள், மேற்கோள்களோடு. அந்த மூன்று பக்கத்தைப் பரீட்சையில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண்ணே கிடைத்திருக்கும்.

ஆனால் மதிப்பெண் மட்டும் இருந்தால் போதுமா? மனசும் வேண்டும் என்கின்றன மருத்துவக் கல்லூரிகள். மனசை எப்படி நிரூபிப்பது? மணிக்கணக்கில்தான். எங்கள் ப்ரீமெட் கமிட்டி சிபாரிசுக் கடிதம் தர வேண்டுமானால், நோயாளிகளோடு நூற்றைம்பது மணி நேரம் செலவிட்டதாக ஒரு படிவத்தை நிரப்பி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு நர்ஸிடமோ பல்கலைக்கழக ஊழியரிடமோ கையெழுத்து வாங்கி, மாணவனே நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதனால் செவ்வாய்க்கிழமை மாலைகளில் எங்கள் ஊர் முதியோர் இல்லத்தில் முதியவர்களைவிட அவர்கள்மீது கருணை காட்ட வந்தவர்கள் எண்ணிக்கை அதிகம். ஒரு சக்கர நாற்காலியை மூன்று பேர் தள்ளுவார்கள். அதில் உட்கார்ந்திருக்கும் கிழவருக்கு எங்கும் போக வேண்டியிருக்காது. ஆனாலும் பிள்ளைகளின் எதிர்காலத்தை நினைத்து ஒரு சுற்றுப் போய்விட்டு வருவார்.

இந்த இனத்தின் நல்ல மாதிரி ஒன்று வேண்டுமென்றால் காரெட் போல்மனைச் சொல்வேன். மூன்றாம் வருஷம். கெட்டிக்காரன், நல்லவன், சட்டைப் பையில் எப்போதும் அந்தப் படிவம். லேபில் அவனுக்கு ஜோடி ஜோலீன் ஹூபர். இருபத்து நாலு பேர் உள்ள அந்த வகுப்பில் ப்ரீமெட் இல்லாத ஒரே ஜீவன் அவள்தான். பால் பண்ணைக் குடும்பத்துப் பெண். மண் வளம் படிக்கிறாள். மதிப்பெண் குறைந்தால் தோளைக் குலுக்கிவிட்டுச் சாப்பிடப் போவாள். ப்ரீமெட்டுகள் அவளை ஏதோ சாமியாரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஜோலீன் கண்ணாடிக் குழாயை ஈரப்படுத்தாமல் ரப்பர் கார்க்கில் செருகினாள். படக்கென்று ஒடிந்து உள்ளங்கையில் ஏறிவிட்டது. இருபத்து மூன்று வருங்கால டாக்டர்கள் இருக்கும் அறையில் ரத்தம் வந்தால் என்ன நடக்கும்? ஒருத்தி, "இதுக்காக எங்களுக்கு நேரம் கூட்டித் தருவீங்களா?" என்று கேட்டாள். ஒருவன் உள்ளங்கையில் ஓடும் நரம்புகளின் பெயர்களை வரிசையாக ஒப்பித்தான். பெயரெல்லாம் சரிதான். ஒரு துணி எடுத்துக் கொடுக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. நான் துண்டை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். காரெட்டின் குடுவை ஐஸில் இருந்தது, படிகங்கள் அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றை வடிகட்டி நிறுத்தால்தான் அன்றைக்கு மதிப்பெண். அவன் குடுவையைப் பார்த்தான். ஜோலீனைப் பார்த்தான். "கிளினிக்குக்கு நான் கூடப் போறேன்" என்று கிளம்பிவிட்டான். பத்தொன்பது வருஷத்தில் நான் பார்க்காத காட்சி.

பத்து நாள் கழித்து வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு என் அறைக்கு வந்தான். கோட்டை நாற்காலியில் போட்டுவிட்டு மேசைமேல் படிவத்தை வைத்தான்.

"ஒரே ஒரு கையெழுத்து, லொரெய்ன். சின்ன வேலைதான்."

கடைசி வரியைப் படித்தேன். இடம்: கேம்பஸ் கிளினிக். செலவிட்டது: இரண்டரை மணி நேரம். பணி: பயந்துபோன நோயாளிக்கு மன ஆதரவு அளித்தல்.

"யாருப்பா அந்த நோயாளி?"

"ஜோலீன்."

"கிளினிக் நர்ஸ் பெர்னடீன் கையெழுத்துப் போடலையா?"

"கேட்டேன். சிரிச்சுக்கிட்டே உள்ள போனாங்க. அப்புறம் வெளிய வரவே இல்ல."

"எப்பக் கேட்டே?"

"அன்னிக்கேதான். கிளினிக்லேருந்து கிளம்பறப்ப."

"ஜோலீன் முன்னாலயா?"

அவன் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அதுலேருந்து அவ எங்கிட்டப் பேசறதில்ல. அது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இதச் சேர்த்தா சரியா நூத்தம்பது, லொரெய்ன். இல்லன்னா நூத்தி நாப்பத்தேழரை. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள குடுக்கலன்னா ஒரு வருஷம் போச்சு. எங்கப்பா ஊரெல்லாம் சொல்லி வச்சுட்டார்."

பேனாவை எடுத்தேன். பையன் போனது உண்மைதானே? உட்கார்ந்திருந்ததும் உண்மைதானே? இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஜோலீன் உள்ளே வந்தாள். விபத்து அறிக்கையில் கையெழுத்துப் போட நான்தான் வரச் சொல்லியிருந்தேன். கையில் இன்னும் கட்டு. மேசையில் கிடந்த படிவத்தைக் குனிந்து படித்தாள்.

"பயந்துபோன நோயாளியா? யாரு, நானா?"

"கொஞ்சம் பயந்துதானே இருந்தே?" என்றான் காரெட்.

"ஊசியப் பாத்ததும் விழுந்தது யாரு?" என்று அவனைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்டச் சொல்லலையா? மொத ஊசி எங்கைல ஏறல, அதுக்குள்ள ஐயா தரையில. பக்கத்துக் கட்டில்ல தூக்கிப் போட்டு ஜூஸ் குடுத்தாங்க. தையல் போட்ட கையோட நாப்பது நிமிஷம் நான்தான் விசிறிக்கிட்டு இருந்தேன். அந்த நாப்பது நிமிஷத்த என் பேருல எழுதச் சொல்லுங்க."

"முப்பத்தஞ்சு" என்றான் காரெட்.

இனம் மாறுமா?

ஜோலீன் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்திலேயே முகம் மாறியது. "எங்க வீட்டு மாடு கன்னு போட முடியாமக் கஷ்டப்பட்டப்ப கைய விட்டு இழுத்திருக்கேன்டா நான். பயந்ததே இல்ல. என் கைன்னதும்தான் பயம் வந்துச்சு. நீ அந்தக் குடுவைய அப்படியே போட்டுட்டு வந்தே பாரு, எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? எங்கம்மாகிட்ட போன்ல அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். போன வைக்கல, நீ நர்ஸ்கிட்ட பேப்பர நீட்டுற. நான் என்ன உனக்கு முதியோர் இல்லமா?"

நான் விபத்து அறிக்கையை அவள் பக்கம் நகர்த்தினேன். ஜோலீன் அறிக்கையில் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டாள்.

"மூணரைக்குத் தையல் பிரிக்கிறாங்க. வர்றதுன்னா வா. பேப்பர் வேணாம்." போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு எங்கள் கிளினிக்கில் போய் உட்கார்ந்தால் ஐந்தரைக்கு முன்னால் எழுந்திருக்க முடியாது. இது முதல் வருஷப் பிள்ளைகளுக்கும் தெரியும். காரெட் கடிகாரத்தைப் பார்த்தான். படிவத்தைப் பார்த்தான். கணக்கில் புலி, அவனுக்கா தெரியாது? கெஞ்சப்போகிறான் என்று நினைத்து நான் மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

"தையல் பிரிக்கறதுக்கு ஊசி போட மாட்டாங்கல்ல?" என்று கேட்டான்.

"மாட்டாங்க. சின்னக் கத்தரிதான்."

கத்தரி என்றதும் முகம் வெளுத்தது. ஆனாலும் விடுவிடுவென்று வெளியே போனான். அரை நிமிஷத்தில் திரும்பி ஓடி வந்தான். எனக்குப் பரிதாபமாகிவிட்டது. ஒரு வருஷம் என்ன சும்மாவா? அவசர அவசரமாக அந்த வரியில் கையெழுத்துப் போட்டுப் படிவத்தை நீட்டினேன். அவன் என் பேனாவை வாங்கி, தப்பான வரியை எப்படி அடிக்க வேண்டும் என்று லேபில் நான் சொல்லிக்கொடுத்தபடியே, அந்த வரியை ஒரே கோடாக அடித்து, ஓரத்தில் தேதியும் இனிஷியலும் போட்டான். பிறகு நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்துக்கொண்டான்.

"இதுக்குத்தான் வந்தேன். வெளிய பயங்கரக் குளிர்" என்று சொல்லிவிட்டு ஓடினான்.

அந்த வருஷம் அவனுக்குச் சிபாரிசுக் கடிதம் கிடைக்கவில்லை. அவன் அப்பா இரண்டு மாதம் என் பெயரைச் சொல்லித் திட்டினாராம். அடுத்த வருஷம் கடிதம் கிடைத்தது. மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிய கட்டுரையை என்னிடம் காட்டினான். வரிக்கு வரி தேடிப் படித்தேன். கிளினிக் இல்லை, கத்தரி இல்லை, ஜோலீனும் இல்லை.

நீங்கள் இவ்வளவு நேரம் நன்றாகச் சிரித்தீர்கள். 'நல்ல காரியத்துக்கெல்லாம் ரசீது கேட்கிற பழக்கம் நமக்குக் கிடையாதப்பா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ரொம்பச் சந்தோஷம். போன மாதம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த உங்கள் உறவினரைப் போய்ப் பார்த்தீர்களே, கையில் பழத்தோடு, பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து? அந்த வார்டை விட்டு வெளியே வந்ததும், லிஃப்டுக்குக் காத்திருந்த நேரத்தில், முதலில் யாருக்குப் போன் செய்து சொன்னீர்கள்?