குமிழி நடுவில நிக்குதா?

வண்டி சமமாக நிற்கிறதா என்று பார்க்க வைத்த ரசமட்டத்தின் குமிழி மறுபடியும் வலது பக்கமே போய் ஒட்டிக்கொண்டது. ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து "ம்ம்ம்" என்று ஒரு சத்தம்.

"கேட்டியா? முனகுது!" ஆரின் பாய்ந்து போய் சுவிட்சை அணைத்தார்.

"ஃப்ரிட்ஜுன்னா ஏதாவது சத்தம் வரத்தாங்க செய்யும்" என்றாள் மார்லிஸ்.

"இது அந்த மாதிரி ஃப்ரிட்ஜ் இல்லடி. மூச்சு விடற சத்தம்கூட கேக்காதுன்னு உங்கண்ணன் படிச்சுப் படிச்சுச் சொன்னான். வண்டி சாஞ்சு நின்னா உள்ள சூடாகி ஓடற குளிர் மருந்து ஒரே எடத்துல தேங்கி வெந்து போயிடுமாம். அப்புறம் ஃப்ரிட்ஜ் பிணம்தானாம்."

படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் அந்த வீட்டு வண்டி மார்லிஸின் அண்ணன் ஹார்லனுடையது. மினசோட்டாவில் பனி கொட்ட ஆரம்பித்தால் இவர்கள் கூட்டமாக அரிசோனா பாலைவனத்துக்கு ஓடிவந்துவிடுவார்கள். அங்கே பக்கத்து ஊர்க் கொட்டகையில் கிடந்த வண்டியை ஆரின் இன்று காலைதான் எடுத்து வந்தார். ஹார்லனும் அவன் மனைவி ஆர்டிஸும் சாயங்காலம் வாடகைக் காரில் வருகிறார்கள்.

ஃப்ரீசருக்குள் இருந்ததுதான் பெரிய விஷயம். மினசோட்டா ஏரியில் பிடித்து, உறைய வைத்து, விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்த மீன். நாளைக்கு அதை வறுத்துப் போடுவதாக மினசோட்டாக்காரர்கள் அத்தனை பேரிடமும் ஆரின் வாய்விட்டிருந்தார். ஃப்ரிட்ஜைப் போட்டால் ஃப்ரிட்ஜ் சாகும். அணைத்தால் மீன் நாறும். எது நடந்தாலும் ஹார்லன் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவான்.

இடது பின்சக்கரத்துக்கு அடியில் இரண்டு பலகை வைத்து வண்டியை ஏற்றினார். குமிழி இடது பக்கம் ஓடியது. வலது பக்கம் மூன்று பலகை வைத்தார். இப்போது வண்டியின் மூக்கு கவிழ்ந்தது. மேசையிலிருந்த காப்பிக் கோப்பை தானாகவே நகர்ந்து போய் மார்லிஸின் மடியில் விழுந்தது.

"ஃப்ரிட்ஜுக்கு நல்லது பண்றேன்னு என்னை ஏங்க வேக வைக்கறீங்க?"

ஆரின் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். "ம்ம்ம்." அணைத்தார்.

ஹார்லனுக்குப் போன் போட்டார். காதில் வைக்க வேண்டிய கருவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிற மனிதன் அவன். "மச்சான், ஃப்ரிட்ஜ் முனகுது!" என்று ஆரின் தொண்டை கிழியக் கத்தினார்.

"குமிழி நடுவில நிக்குதா, மாப்ளே?"

"நிக்கலை மச்சான்! முனகுது!"

"அப்ப சரி. நடுவில நிக்கணும், அதான் முக்கியம்!" போனை வைத்துவிட்டான்.

பக்கத்து வண்டி டுவேன் பீர் டப்பாவோடு வந்து நின்றார். "பலகை எல்லாம் சின்னப் பிள்ளை வேலை, ஆரின். பின்சக்கரத்துக்கு அடியில பள்ளம் தோண்டு. மூக்கு தானா தூக்கும்."

தோண்டினார்கள். மூக்கு தூக்கியது, தூக்கிக்கொண்டே இருந்தது. பின்சக்கரம் அச்சு வரை மணலில் இறங்கிவிட்டது. வாசல்படி தரையை விட்டு இடுப்பு உயரத்துக்கு எழும்பியது. இறங்க முடியாமல் மார்லிஸ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"நான் இங்கயே குடியிருந்துடறேன். சோத்தை மட்டும் தூக்கிப் போடுங்க."

அதற்குள் அக்கம்பக்கத்தார் மடக்கு நாற்காலியோடு வந்து வட்டம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தினமும் மாலையில் டுவேன் வண்டிப் பக்கம் கூடுகிற கூட்டம் இன்று இங்கே இடம் மாறியிருந்தது. யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் ஃப்ரீசரில் மீனுக்கு இடம் உண்டா என்று கேட்டால் மட்டும் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"ஊருக்குள்ள போய் ஐஸ் வாங்கிட்டு வாயேன்" என்றார் டுவேன்.

"எதுல போக?" என்றார் ஆரின். போக வேண்டிய வண்டி குழிக்குள் இருந்தது.

ஆரின் தொற்றி ஏறி உள்ளே போனார். ஃப்ரிட்ஜ் கதவின் அடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. ஆரினுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மீனை விமானத்தில் ஏற்றுவதற்காகத் தன் துணிப்பையையே வீட்டில் விட்டுவிட்டு வந்தவர் அவர்.

அந்த நேரம் பார்த்து ஹார்லனின் கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. ஹார்லன் இறங்கினான், தன் வண்டி நிற்கிற கோலத்தைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான்.

"பள்ளம் தோண்டச் சொன்ன புத்திசாலி யாருடா?"

டுவேன் பீர் டப்பாவில் எழுதியிருந்ததை அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார். ஹார்லன் குழியைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தினான்.

ஆர்டிஸ் மட்டும் சத்தம் போடாமல் ஒரு நாற்காலியை வாசலில் போட்டு, ஏறி உள்ளே வந்தாள். ஆரின் ஃப்ரிட்ஜின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எல்லாம் போச்சும்மா. மீனும் போச்சு, உங்க ஃப்ரிட்ஜும் போச்சு. போடறப்பல்லாம் முனகுது."

ஆர்டிஸ் ஃப்ரீசரைத் திறந்து மீன் பொட்டலத்தைத் தட்டினாள். கல் மாதிரி டொக்கென்றது. வழிந்தது ஓரத்துப் பனி மட்டும்தான். பிறகு கையை நீட்டி சுவிட்சைப் போட்டாள்.

"ம்ம்ம்."

"ஐயோ, வேணாம்! சாஞ்சிருக்கு!" என்று ஆரின் எழுந்தார்.

ஆர்டிஸ் அவர் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள். வெளியே ஹார்லன் ரசமட்டத்தைத் தூக்கிப் பிடித்து, குமிழியின் அருமை பெருமைகளை ஊருக்கே விளக்கிக்கொண்டிருந்தான்.

"அவரு சொல்ற ஃப்ரிட்ஜை நான் போன வருஷத்துக்கு முந்தின வருஷமே சாய்வா நிறுத்திக் கொன்னுட்டேன், அண்ணே. அவரு ஊர்ல இல்லாதப்போ பழைய கதவையே மாட்டி உள்ள வச்சது சாதாரண வீட்டு ஃப்ரிட்ஜ், தலைகீழா நின்னாலும் ஓடும். முனகத்தான் செய்யும், அது அவரு காதுல விழுந்தாத்தானே! அவருக்கு மட்டும் சொல்லிடாதீங்க, அந்தக் குமிழி பயத்துல அவரு வண்டியைச் சமமா நிறுத்தறதாலதான் நான் ராத்திரி கட்டில்லேருந்து உருளாம தூங்கறேன்."