கில்லர் மாஸ்டரும் வைட்டமின் ஈயும்

திருப்பூரிலேயே ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத மனிதர் யாரென்று கேட்டால், கில்லர் மாஸ்டர் என்றுதான் சொல்வேன். பல்லடம் ரோட்டுச் சாயப்பட்டறை ஒன்றில் அவர் டையிங் மாஸ்டர். அப்போது நான் அங்கே லேப்பில் ஷேடு, அதாவது சாயத்தின் நிறம், சரிபார்ப்பவன். துணியை வெளுக்கப் பெராக்சைடு போடுவோம். அது துணியிலேயே தங்கிவிட்டால் சாயம் சரியாகப் பிடிக்காது. அதை முறிக்க ஊற்றுகிற கெமிக்கலுக்குக் 'கில்லர்' என்று பெயர். "கில்லர் ஊத்தியாச்சுங்களா?" என்று நாளைக்கு நூறு தடவை கேட்டே அந்தப் பெயரை வாங்கினார்.

ஒருநாள் மருந்துக்கடைக்காரர் அவரிடம் வைட்டமின் ஈ மாத்திரையைக் காட்டி, "இது ஆன்டிஆக்ஸிடன்ட்டுங்க" என்று சொல்லித் தொலைத்தார்.

"அட, இது உடம்புக்குக் கில்லருங்க! உள்ள ஆக்ஸிஜன் பண்ற அழும்பையெல்லாம் முறிச்சுப்போடுமுங்க!" என்று துள்ளினார் மாஸ்டர்.

அன்றிலிருந்து பட்டறையில் யாரும் நிம்மதியாகத் தும்ம முடியவில்லை. தும்மினால் அந்த மாத்திரை ஒன்று, முடி கொட்டினால் இரண்டு. ஒடிசாக்கார ஆபரேட்டர் ஊருக்குப் போக லீவு கேட்டார், அவருக்கும் ஒன்று. தனக்கு மட்டும் காலையில் மூன்று, ராத்திரி மூன்று. பட்டறையில் துணி லாட்டின் எடைக்குத் தக்கபடிதான் கெமிக்கல் அளப்போம். ஏன் என்று கேட்டால், "நானு எம்பது கிலோ லாட்டுங்களே!"

சிரித்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. முந்தின வருஷம்தான் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை வேறு. கையெல்லாம் நீலநீலமாகக் கன்றியது. "ஷேடு வேரியேஷனுங்க" என்று எங்களிடமே காட்டினார். ஒரு மதியம் அவர் மூக்கிலிருந்து வெள்ளைத் துணிமேல் ரத்தம் சொட்டியது. நிற்கவேயில்லை. அவரோ, "லாட்டு ரிஜெக்ட் ஆயிருமேங்க" என்று துணியைப் பார்த்துப் பதறினார்.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார். "வைட்டமின் ஈ குறைஞ்சவங்களுக்கு நாங்க அளவோட குடுக்கறதுங்க. உங்க ஹார்ட் மாத்திரையோட இத்தனையும் சேர்ந்தா ரத்தம் நிக்காது. இன்னையோட நிறுத்துங்க."

"சத்து மாத்திரைங்க சாமி, அதென்ன பண்ணப்போகுது?"

எனக்கு வந்ததே கோபம்! "மாஸ்டர், சேருமான்னு தெரியாம ரெண்டு கெமிக்கலை ஒரே சாயத்தொட்டில ஊத்துவீங்களா?"

"டெஸ்ட் பண்ணாம எவனாச்சும் ஊத்துவானா?" என்று சீறினார். மூக்கில் பஞ்சோடு என்னையே பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து டாக்டர் மேஜையில் வைத்தார்.

நான் பட்டறையை விட்டு வந்து ஆறு வருஷமாகிறது. இன்றும் தினமும் காலையில் ஏதாவது ஒரு மாத்திரையைச் சாக்கு வைத்து அவர் போன் வரும். "கண்ணு, சளிக்கு மாத்திரை குடுத்தாங்க. பழசோட சேருமாம், டாக்டரே சொல்லிட்டாருங்க. போட்டுக்கட்டுமா?"

டாக்டரே சொன்ன பிறகு என்னிடம் எதற்கு? நான் கேட்டதில்லை. ஒன்பது மணிக்குள் அந்தப் போன் வராவிட்டால் எனக்குத்தான் ஒரு வேலையும் ஓடாது.