சணல் சாரும் உருளைக்கிழங்கு நட்சத்திரமும்

பெங்களூரில் செல்லோ டேப்புக்கு ஜென்ம விரோதி ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஆபீஸ் டெஸ்பாட்ச் பிரிவில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் சம்பளம் போடுகிறவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். எங்களுக்கு அவர் சணல் சார். வருகிற பார்சல்களின் சணல் கயிற்றை அறுக்காமல் முடிச்சவிழ்த்து, விரலில் சுற்றி, பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். அதனால் அவருக்கு வலது பக்கம் மட்டும் எப்போதும் புடைத்தே இருக்கும்.

டிசம்பர் வந்தால் சீட்டுக் குலுக்கிப் போட்டு, பெயர் சொல்லாமல் ஒருவருக்கொருவர் பரிசு கொடுக்கும் சீக்ரெட் சாண்டா எங்கள் ஆபீஸிலும் உண்டு. அத்தனை பரிசையும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் சுற்றித் தருவது சார்தான். கடையில் வாங்கிய பளபளா தாளைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். முடிந்துபோன மாதங்களின் காலண்டர் தாளை வெள்ளைப் பக்கம் வெளியே வருகிற மாதிரி மடிப்பார். உருளைக்கிழங்கைப் பாதியாக நறுக்கி, அதில் நட்சத்திரம் செதுக்கி, சிவப்புச் சாயத்தில் தொட்டுத் தொட்டு முத்திரை குத்துவார். அந்த வாரம் கேன்டீன் சாம்பாரில் கிழங்கைத் தேடிப் பிரயோஜனமில்லை. கடைசியில் சணலால் கட்டி, முடிச்சில் மசாலாவுக்குப் போடுகிற பட்டையில் ஒரு துண்டைச் செருகுவார். ரிசப்ஷனில் இருக்கும் பெண் எல்லார் பட்டையையும் வாங்கிச் சேர்த்து, புத்தாண்டுக்குப் பிரியாணியே செய்துவிட்டாள்.

ஒரு வருஷம் மேனேஜருக்குத் தண்ணீர் பாட்டில் வந்திருந்தது. சார் வீட்டிலிருந்து பழைய சட்டையின் முழுக்கை ஒன்றை வெட்டிக்கொண்டு வந்தார். பாட்டிலை அதற்குள் நுழைத்து, மேலே சணல் கட்டி, கீழே கஃப் பட்டனைப் போட்டார். பார்க்க அழகுதான். ஆனால் மறுநாள் காலையில் கேபினுக்குள் போன மேனேஜருக்கு, யாரோ ஒரு கையை மேஜையில் மறந்துவிட்டுப் போன மாதிரி தெரிந்திருக்கிறது. அவர் போட்ட சத்தத்தில் செக்யூரிட்டி ஓடி வந்தார். கலவரம் அடங்கியதும் சார் நிதானமாகச் சொன்னார், "பட்டனக் கழட்டினா போதும் சார். சணல மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க."

போன வருஷம் விழாப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பெரிய புத்திசாலி மாதிரி ரெடிமேட் பரிசுப் பைகளை ஆர்டர் பண்ணினேன். அதோடு விட்டேனா? மீட்டிங்கில், "சாரோட பழைய பேப்பர் கடைக்கு இந்த வருஷம் லீவு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கையில் கிழங்குப் பையோடு சார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ஆய்த்துப்பா" என்று, சரி என்பதைக் கன்னடத்தில் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு என்னிடம் பேச்சு நின்றது. ஆறு வருஷமாக என்னோடு ஒரே மேஜையில் சாப்பிட்டவர், டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார். திருப்பத்தூரிலிருந்து கன்னடத்தில் ஒரு வார்த்தை தெரியாமல் வந்து இறங்கிய எனக்கு மர்பி டவுனில் அறை பிடித்துக் கொடுத்து, வீட்டுக்காரரிடம் எனக்காகப் பேசியவர் அவர். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேரில் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஒரு மஃப்ளர் வாங்கி, 'நான் பேசியது தப்பு சார், மன்னித்துவிடுங்கள்' என்று கடிதம் எழுதி உள்ளே வைத்தேன். பிறகு சுற்ற உட்கார்ந்தேன். காலண்டர் தாளும் சணலும் மட்டும்தான், டேப் கிடையாது. கிழங்கில் நட்சத்திரம் செதுக்கப்போய் நண்டு வந்தது. முடிச்சைப் பிடித்தால் மடிப்பு அவிழ்ந்தது, மடிப்பைப் பிடித்தால் முடிச்சு அவிழ்ந்தது. விடுமுறைக்கு முந்தின நாள் அதை அவர் மேஜையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டு நாளாகப் போனும் இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று காக்ஸ் டவுனில் அவர் வீட்டுக்கே போனேன். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று முடிவு. கதவைத் திறந்த சார், "வாப்பா, இன்னா இவ்ளோ லேட்டு? ஆன்ட்டி உனக்குன்னு கேக் எடுத்து வெச்சிருக்கா" என்றார். கடிதம் வேலை செய்துவிட்டது என்று எனக்கு மனசு லேசானது.

"மஃப்ளர் சரியா இருக்கா சார்?"

"எந்த மஃப்ளர்?" என்றவர் திரும்பிப் பார்த்தார். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பக்கத்தில், சிவப்பு நண்டுகளோடு, என் பொட்டலம் பிரிக்கப்படாமல் உட்கார்ந்திருந்தது. "அதுல மஃப்ளரா? ஏம்பா சொன்னே?"

"நீங்க ஏன் சார் பிரிக்கல?"

"டேப்பே இல்லாம நீயே குந்திக் கட்டியிருக்கே. அத்தப் போய் எவனாச்சும் பிரிப்பானா?"

கேக் தட்டோடு வந்த அவர் மனைவி சொன்னார், "காலைலேர்ந்து வர்றவங்ககிட்டல்லாம் அத்தத்தான் தம்பி காட்டிக்கினு இருக்காரு. என் ஃப்ரெண்டு கட்டினதுன்னு."

கடிதத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அது இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. இந்த டிசம்பர் குளிரிலும் சார் வெறும் கழுத்தோடுதான் ஆபீஸ் வருகிறார். பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. இந்த ஊரில் அவரைவிட எனக்குப் பிரியமானவர் யாரும் இல்லை.