கடைமடைக்கு வராத கல்யாணம்

என் பெயர் பஞ்சநதம். பஞ்ச என்றால் ஐந்து. நதம் என்றால் ஆறு. உடனே ஏழு, எட்டு என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். ஐந்து ஆறுகள் ஓடுகிற பெயர் அது. அந்தப் பெயரின் நடுவிலிருந்து 'ந', 'த' என்ற இரண்டு எழுத்துகளைத் தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் விழுங்கிவிட்டான் என் மச்சினன் துரைக்கண்ணு. மிச்சம் என்ன நிற்கும் என்று நீங்களே ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள்.

'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு, அதன் கீழே முதல் பெயராக அச்சாகியிருந்தது: திரு. பஞ்சம்.

நான் காவிரியின் கடைமடை விவசாயி. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேல்மடை வரைக்கும் போய், எவன் அடைத்தான் என்று கையும் களவுமாகப் பிடித்துவிட்டு வருகிறவன். இந்த வட்டாரத்தில் அதற்காகவே எனக்கு ஒரு மரியாதை உண்டு. அப்பேர்ப்பட்ட ஆளைப் பஞ்சமாக்கி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முத்துப்பேட்டையிலிருந்து தஞ்சாவூர் வரைக்கும் வீடு வீடாகக் கொடுத்துவிட்டான்.

"அச்சுப் பிழைங்க. தம்பி வேணும்னா பண்ணினான்?" என்றாள் என் மனைவி ஜெயபாரதி.

"பஞ்சம் வரவேற்கிற கல்யாணத்துக்கு எவன் வருவான்?"

"எல்லாரும்தான் வர்றாங்க."

"நான் வரல. என் பேர்ல ஆறு திரும்ப ஓடுற வரைக்கும் அவன் முகத்துல முழிக்க மாட்டேன். திருத்துறைப்பூண்டி மண்டபத்துல கால் வைக்க மாட்டேன். நீயும் வைக்கக் கூடாது."

"சரிங்க."

எங்கள் இல்லற வாழ்க்கையில் ஜெயபாரதி முதல் தடவையிலேயே 'சரிங்க' சொன்னது அன்றைக்குத்தான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கார் சாவி, ஸ்கூட்டி சாவி இரண்டையும் இடுப்பில் செருகிக்கொண்டு, ஜெயித்துவிட்ட நினைப்பில் நடமாடினேன்.

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். கல்யாணத்தைப் பார்க்க எனக்குக் கொள்ளை ஆசை. கல்யாணப் பெண் பிரகதீஸ்வரி என் தோளில் ஏறி வளர்ந்த பிள்ளை. அவள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. அதோடு இன்னொரு ஆசையும் இருந்தது. மண்டபத்தில் என்னைத் தேடுவார்கள். 'பஞ்சநதம் எங்கே, பஞ்சநதம் எங்கே' என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். பதில் சொல்ல முடியாமல் துரைக்கண்ணு முகம் சுண்டி நிற்பான். அந்த முகத்தைக் கண்குளிரப் பார்க்க வேண்டும்.

அதற்கும் வழி இருந்தது. கல்யாணத்தை நேரலையில் காட்டுகிறார்களாம். வாட்ஸ்அப்பில் லிங்க் வந்திருந்தது. போகாமலும் இருக்கலாம், பார்க்கவும் செய்யலாம். விஞ்ஞானம் வாழ்க என்று மனதுக்குள் கோஷம் போட்டேன்.

முகூர்த்த நாள் காலையில், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் சதீஷ் விட்டுவிட்டுப் போன லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, ப்ரௌசரைத் திறந்து, லிங்க்கைத் தட்டினேன். பின்னால் மல்லிகைப்பூ வாசனை அடித்தது. திரும்பினால் ஜெயபாரதி அரக்குக் கலர் பட்டுப்புடவையில் நிற்கிறாள்.

"என்ன ஜெயா, பட்டு?"

"லைவ்ல பாத்தாலும் கல்யாணம் கல்யாணம்தானுங்களே? நைட்டியோடயா பாக்கிறது?"

நியாயமாகத்தான் பட்டது. படமும் வந்தது. ஒரு கணம் எல்லாம் தெளிவாக இருந்தது. அடுத்த கணம் உடைந்து சதுரம் சதுரமாகிவிட்டது. மாப்பிள்ளை ஒரு வெள்ளைச் சதுரம். பெண் ஒரு சிவப்புச் சதுரம். துரைக்கண்ணுவா நாற்காலியா என்று சொல்ல முடியாத ஒரு பழுப்புச் சதுரம். என்னைத் தேடுகிறார்களா இல்லையா என்று ஒரு சதுரத்தின் முகத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? சதீஷுக்குப் போன் போட்டேன்.

"பஃபர் ஆகுதாப்பா?"

"பஃபேயா? இலை போட்டுப் பந்தி வைக்கக்கூட வக்கில்லையா உங்க மாமனுக்கு?"

"பஃபே இல்லப்பா, பஃபர். நடுவுல வட்டம் சுத்துதா?"

"வட்டம் இல்ல. எல்லாம் சதுரமா நிக்குது."

"அப்ப நெட்டு கம்மியா வருது. வீடியோவத் துண்டு துண்டாத்தான்பா அனுப்புவாங்க. ஒவ்வொரு துண்டுலயும் தெளிவா ஒண்ணு, சுமாரா ஒண்ணு, மங்கலா ஒண்ணுன்னு வச்சிருப்பாங்க. நம்ம லைன்ல எவ்ளோ வருதுன்னு பாத்து, எது தாங்குமோ அதப் ப்ரௌசரே எடுத்துக்கும்."

"ஆத்துல தண்ணி குறைஞ்சா முறை வச்சு விடுற மாதிரி."

"அதேதான். குவாலிட்டி எதுல இருக்குன்னு பாருங்க. ஆட்டோல போடுங்க."

"ஆட்டோல நான் ஏன்டா போகணும்? கார் சாவி என் இடுப்புல இருக்கு. அதோட நான் போகவே போறதில்லங்கிறேன்!"

"அப்பா, அந்தப் பட்டியல்ல 'ஆட்டோ'ன்னு ஒண்ணு இருக்கும்பா. அதுவா கூட்டிக் குறைச்சுக்கும்."

முறைப்பாசனம் எனக்கே பாடம் நடத்துகிறதா? பட்டியலின் உச்சியில் ஆயிரத்து எண்பது என்று ஒன்று இருந்தது. அதில் வைத்தேன். படம் அப்படியே நின்றது. நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கியது. சதுரம் போய் வட்டம் வந்ததைத் தவிர என் குடும்பத்துக்கு வேறு முன்னேற்றம் இல்லை. சத்தமில்லாமல் ஆட்டோவுக்கே திரும்பினேன்.

"ஏங்க, தாலி கட்டிட்டாங்களா?"

"கட்டல."

"இப்ப?"

"இப்பத்தானே கேட்ட?"

"அந்தச் சிவப்பு நகருதுங்களே."

"நகரட்டும்! நீ நகராம நில்லு!"

சதீஷ் அடுத்து கேஷைக் காலி பண்ணச் சொன்னான். வீட்டில் கேஷ் இல்லை என்றேன். அது பணம் இல்லையாம். ப்ரௌசருக்குள் நாள்பட்டுச் சேர்ந்த குப்பையாம். "தூர் வாரணும்னு சொல்லு" என்று வாரித் தள்ளினேன். தூரோடு சேர்ந்து என் பாஸ்வேர்டுகளும் போய்விட்டன. நீ யார் என்று என் லேப்டாப்பே என்னைக் கேட்டது. பஞ்சநதம் என்று அடித்தேன். தவறு என்றது. அதற்கும் பத்திரிகை போயிருக்கும் போலிருக்கிறது.

"சரிப்பா, ஹார்டுவேர் ஆக்சிலரேஷன ஆஃப் பண்ணிப் பாருங்க."

"ஆக்சிலரேட்டர் டிராக்டர்லதான்டா இருக்கு."

"செட்டிங்ஸ்ல இருக்குப்பா."

இருந்தது. அணைத்தேன். திரை முழுக்கப் பச்சை. மாப்பிள்ளை பச்சை, பெண் பச்சை, ஹோமப்புகை பச்சை. நாற்று நட்ட வயலில் கல்யாணம் நடக்கிற மாதிரி ஆகிவிட்டது. பதறிப்போய் மறுபடி போட்டேன். வேறு ப்ரௌசரில் திறந்தேன். அது 'முதலில் என்னைப் புதுப்பி' என்று அடம்பிடித்தது. புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, ஜன்னலுக்கு வெளியே, மதிற்சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு ஃபஹ்மிதாவின் தலை தெரிந்தது. அதிராம்பட்டினத்திலிருந்து வாழ வந்த பெண். ஜெயபாரதிக்கு உயிர்த்தோழி.

"அண்ணே, எங்க வீட்டு டிவில அருமையா தெரியுதுண்ணே! பொண்ணு மூக்குத்திக் கல்லுகூட தனியா மின்னுது."

எனக்கு வயிறு எரிந்தது. "என்ன டிவிம்மா அது?" என்று கேட்டேன். என்ன லைன் என்று கேட்டிருக்க வேண்டும்.

"அக்காவையாச்சும் இங்க அனுப்புங்கண்ணே. பாவம், நின்னுக்கிட்டே இருக்காங்க."

"போ ஜெயா! எங்க தெளிவாத் தெரியுதோ அங்க போய்ப் பாரு. என் உயிர எடுக்காத!"

"நீங்கதான் சொல்றீங்க. அப்புறம் ஏன் போனேன்னு கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன், போ!"

போனாள். கையில் ஒரு பெரிய தாம்பாளம். அதில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பளபளவென்று ஒரு புடவைப் பெட்டி.

"அது என்னடி தட்டு?"

"ஒரு வீட்டுக்குப் போறப்ப வெறுங்கையோடயா போவாங்க?"

ப்ரௌசர் பாதிதான் புதுப்பித்திருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

அதன் பிறகு வீடு நிம்மதியாக இருந்தது. நானும் சதீஷும் வேலையில் இறங்கினோம். விளம்பரத்தைத் தடுக்கிற ஏதோ ஒன்றைப் பிடுங்கினோம். ப்ரௌசரிலேயே ரகசிய ஜன்னல் என்று ஒன்று உண்டாம், அதைத் திறந்தோம். ரவுட்டரை அணைத்துப் போட்டோம். போட்டதும் ஒரு நிமிஷம் மாப்பிள்ளைக்கு மீசை முளைத்தது. மறு நிமிஷம் சதுரம். ரவுட்டர் ஏன் ஜன்னலோரத்தில் ஃபஹ்மிதா வீட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. 'மீட்டிங்ப்பா' என்று எப்போதும் போனை வைத்துவிடுகிற சதீஷ், அன்றைக்கு 'அப்புறம் இதையும் பாருங்கப்பா, அதையும் பாருங்கப்பா' என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தான். பிள்ளைக்குப் பாசம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் லேப்டாப்பையே அணைத்து எழுப்பினேன். லிங்க்கைத் தட்டினேன்.

வந்தது பாருங்கள் படம்! மாவிலை மாவிலையாகத் தெரிந்தது. நாயனக்காரர் கன்னத்து வியர்வை தெரிந்தது. எங்கள் பிரகதி தெரிந்தாள், தலை குனிந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"சதீஷு! வந்துருச்சுடா! நானே சரி பண்ணிட்டேன்டா!"

"வந்துருச்சா? அப்பாடா. நான் மீட்டிங் போறேன்பா."

முதல் வேலையாகத் துரைக்கண்ணுவைத் தேடினேன். மேடை ஓரத்தில் நின்றான். முகம் சுண்டவில்லை. யாரிடமோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். கேமரா கூட்டத்தைக் காட்டியது. ஒருவர்கூட வாசலைப் பார்க்கவில்லை. காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் படத்தைச் சரிசெய்த பெருமையை யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே. ஜெயபாரதிக்குப் போன் போட்டேன்.

"ஜெயா, ஓடி வா! படம் கண்ணாடி மாதிரி வருது!"

"இங்கயும் நல்லாத் தெரியுதுங்க." பின்னால் கெட்டிமேளம் காதைப் பிளந்தது.

"எங்க இருக்க? என்ன சத்தம்?"

"ஃபஹ்மிதா வீட்லதாங்க இருக்கேன். சவுண்டக் கூட்டி வச்சிருக்கோம். வச்சிடட்டுங்களா?"

வைத்துவிட்டாள். என் திரையில் மாப்பிள்ளை இன்னும் தாலியைக் கையிலேயே வாங்கவில்லை. ஃபஹ்மிதா வீட்டு லைனின் வேகத்தைப் பாருங்கள், கல்யாணம் நடப்பதற்கு முன்பே வருகிறது என்று பொறாமைப்பட்டேன். நேரலை என்றாலும் நம் வீட்டுக்கு வந்து சேர அரை நிமிஷமாவது தாமதமாகும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

என் திரையிலும் கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. என் கண் நிறைந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு பார்க்கிறேன், கேமரா மெல்ல இடப்பக்கம் நகர்கிறது. பிரகதிக்குப் பக்கத்தில் அரக்குக் கலர் பட்டு. ஒரு கை அட்சதை போடுகிறது. இன்னொரு கை போனைக் காதில் வைத்திருக்கிறது. உதடு அசைகிறது. ஆயிரத்து எண்பது குவாலிட்டியில் ஒவ்வோர் எழுத்தும் தெரிந்தது: 'ஃபஹ்மிதா வீட்லதாங்க இருக்கேன்.'

பெண்டாட்டி சொன்ன பொய்யை முதலில் காதால் கேட்டு, அரை நிமிஷம் கழித்துக் கண்ணாலும் பார்த்த புருஷன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மறுபடி போன் போட்டேன்.

"ஜெயா! நீ மேடையில நிக்கிற!"

"பாத்துட்டீங்களா? இந்தப் பக்கம் திருப்பாதீங்கன்னு கேமராக்காரத் தம்பிகிட்ட அத்தன தடவ சொன்னேன்."

"ரெண்டு சாவியும் எங்கிட்ட இருக்கு. திருத்துறைப்பூண்டிக்கு எப்படிப் போன?"

"டவுன் பஸ்ல. பொம்பளைங்களுக்குத்தான் டிக்கெட்டே கிடையாதுங்களே."

"நான் போகக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"எங்க தெளிவாத் தெரியுதோ அங்க போன்னும் சொன்னீங்க. இதவிடத் தெளிவா எங்கங்க தெரியும்?"

மெதுவாகக் கேட்டேன். "அப்ப நம்ம வீட்டுப் படம்?"

"நம்ம வைஃபைய ஃபஹ்மிதா வீட்டு டிவி, டேப், போன் எல்லாத்துக்கும் குடுத்து, இதே கல்யாணத்தப் பெரிய குவாலிட்டில ஓட விட்டோம். உங்களுக்கு மிச்சம் மீதிதான் வந்துச்சு. நீங்க அதோட மல்லுக்கட்டுன நேரத்துல நான் வந்து சேந்துட்டேன். சதீஷையும் உங்களப் புடிச்சு வைக்கச் சொல்லியிருந்தேன். மேடை ஏறினதும் எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லிட்டேங்க. தாலி கட்டுறத நீங்க பாக்கணும்ல? உங்க தோள்ல வளந்த புள்ளயாச்சே."

மேல்மடையில் எவன் அடைத்தான் என்று ஊர் ஊராகப் போய்ப் பிடித்தவன், என் வீட்டு மதிற்சுவரைத் தாண்டி எட்டிப் பார்க்கவில்லை. கோபம் வந்தது. அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு, கேட்கவேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"சரி, அத விடு. அங்க யாராச்சும் என்னைத் தேடினாங்களா?"

"தேடாம? நீங்க எங்கன்னு வாசல்லயே புடிச்சுக்கிட்டாங்க."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "நீ என்ன சொன்ன? கோவிச்சுக்கிட்டு வரலன்னு அழுத்திச் சொன்னியா?"

"நல்ல நாளும் அதுவுமா அப்படியா சொல்லுவாங்க? வீட்ல நெட்டு சரி பண்ணிக்கிட்டு இருக்காருன்னு சொன்னேன்."

"அதக் கேட்டுத் துரைக்கண்ணு முகம் மாறிச்சா?"

"ரொம்ப மாறிச்சுங்க. 'அத்தானுக்கு அந்த வேலையெல்லாம் தெரியுமா'ன்னு அவனுக்கு ஒரே சந்தோஷம். நாளைக்குக் காலைல நீங்க வந்து அவன் வீட்டு நெட்டையும் பாத்துக் குடுப்பீங்கன்னு வாக்குக் குடுத்துட்டேன்."